மாலை ஏழு மணிக்கு எங்கே போவது? கோலாலம்பூரில் குடி மீட்புக் கூட்டங்கள்: ஓர் ஒப்பீடு

குடியை விட முடிவெடுத்த ஒருவர் கோலாலம்பூரில் துணைக்குழு தேடினால் மூன்று வழிகள் தென்படும்: நகரில் நேரில் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏஏ கூட்டம், தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையத்தில் நடத்தும் தமிழ்க் கூட்டம், கடவுள் பேச்சு இல்லாத ஸ்மார்ட் ரிக்கவரி. நம்மவர்களோ இவை எல்லாவற்றுக்கும் முன்பாகவே வேறொன்றைச் செய்து பார்த்திருப்பார்கள். கோயிலில் மாலை போட்டுக்கொள்வதுதான் அது.

ஐயப்பனுக்கு மாலை போட்டவரும், தைப்பூசத்திற்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவரும் விரத நாள்களில் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதைச் செந்தூலிலோ பிரிக்பீல்ட்சிலோ வளர்ந்த பலரும் பார்த்திருப்பார்கள். மாலையைக் கழற்றிய வாரமே பாட்டில் வீட்டுக்குத் திரும்பினால், "மனசு வைத்தால் முடிகிறதே, இவனுக்கு மனசுதான் இல்லை" என்று வீட்டார் கசந்துகொள்கிறார்கள். குறை மனசில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. விரதத்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு; அந்த நாள் எது என்பது குடிப்பவருக்கு முதல் நாளிலேயே தெரியும். அதோடு, அத்தனை நாளும் மாலை வேளைகளில் பஜனையும், ஒருவரை ஒருவர் 'சாமி' என்று அழைக்கும் கூட்டமும் அவரைச் சூழ்ந்திருந்தன; விரதம் முடிந்ததும் அந்தக் கூட்டமும் கலைந்துவிடுகிறது. ஏஏ கூட்டத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 'இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன்' என்பதே அங்கே பேச்சு. தவணை ஒரே நாள்தான் என்றாலும் கூட்டம் கலைவதில்லை.

1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தொடங்கிய அந்த அமைப்பில் சேர, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். கட்டணம் கிடையாது, விரும்பியவர் உண்டியலில் போடலாம். கோலாலம்பூரில் நேரில் நடக்கும் கூட்டங்களில் ஆங்கிலமே பெரிதும் புழங்குகிறது. தமிழில் மட்டும் மனம் திறக்கக்கூடியவருக்கு இது பெரிய தடை என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. நம் சமூகத்தில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பல இனத்தாரும் வெளிநாட்டவரும் கலந்த கூட்டத்தில் அந்த அச்சம் குறைவு. கூட்டத்தில் கேட்டதையும் கண்டவரையும் வெளியே சொல்லாதிருப்பது அங்கே அடிப்படை நெறியுமாகும். கூட்டம் தேவாலய அறையில் நடந்தால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான்; ஆனால் 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்ற சொற்களோடுதான் வருகிறார், ஆகவே முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்வதற்குத் தடையில்லை.

கடவுள் பேச்சே ஒவ்வாதவருக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி பொருந்தலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முறைகளைக் கொண்டு, குடிப்பதன் லாப நட்டத்தை எழுதிப் பார்ப்பது, ஆசை எழும் நொடியை அடையாளம் காண்பது போன்ற பயிற்சிகளை அது தருகிறது. இணையக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் தேவை. எழுதிப் பழகாதவருக்கு இது பள்ளிக்கூடம் போலத் தோன்றக்கூடும். பலனைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளிலிருந்து 10,565 பேரின் தரவுகளைப் பார்த்தது. ஏஏவில் ஒருவரை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சைத் திட்டங்கள், முழுமையாகக் குடியைத் தவிர்ப்பதில் பிற சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்ததாக அது கண்டது. 'முறையாகக் கொண்டுசேர்க்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவது அதில் சேராது.

தமிழ் இணையக் கூட்டத்தின் வலிமை மொழி. 'கைநடுக்கம்', 'காலையிலேயே ஒரு பெக்' என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அதன் பலவீனமோ கடிகாரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், சென்னையில் இரவு 7.30க்குத் தொடங்கும் கூட்டம் இங்கே இரவு 10க்குத்தான் தொடங்கும். வேலை முடிந்து ஏழு மணிக்குக் குடிக்கத் தொடங்குபவர் பத்து மணிக்கு எந்த நிலையில் இருப்பார் என்பதை வீட்டில் உள்ளவர்கள் அறிவார்கள். அதனால், ஆங்கிலம் ஓரளவு புரிகிறவர் குடிக்கும் வேளையையே அடைத்துக்கொள்ளும் நேரடிக் கூட்டத்தை முதன்மையாகக் கொண்டு, இடைப்பட்ட நாள்களில் தமிழ்க் கூட்டத்தைத் துணையாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஆங்கிலம் அறவே வராதவருக்கு இந்த வரிசை தலைகீழாகும். ஏழிலிருந்து பத்துவரை அவரோடு யார் இருப்பது என்பதை வீட்டார் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் இவற்றில் எதைத் தேர்ந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். அதையொட்டி மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் கொண்ட, உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் வெளிநோயாளர் சேவை தரும் அரசு சுகாதாரக் கிளினிக்கிலேயே மருத்துவரைப் பார்ப்பதைத் தொடங்கலாம். வலிப்போ குழப்பமோ கண்டுவிட்டால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கூட்டப் பட்டியல்கள் விரைவில் பழையதாகிவிடுவதால், புறப்படும் நாளிலேயே தொலைபேசியிலோ புலனத்திலோ கேட்டு இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்வது நல்லது. அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேட்க வேண்டும். மனைவியோ அண்ணனோ உடன் வரலாம் என்பது திறந்த கூட்டத்திற்கு மட்டுமே பொருந்தும், மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமானது. குடும்பத்தாருக்கென்றே 1951இல் உருவான அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. கணவர் வர மறுத்தாலும் மனைவி அதன் கூட்டத்துக்குத் தனியே போகலாம். முதல் நாளில் யாரும் பேசியாக வேண்டியதில்லை; முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருக்கலாம்.