சோலார் வேலியா, செயின்லிங்க் வலையா? பன்றிக்கும் மானுக்கும் எது தாங்குகிறது

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில், பவானிசாகர் பக்கம் விவசாயம் பார்ப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மக்காச்சோளம் பால் பிடிக்கிற வாரத்தில் கூட்டமாக இறங்கும். தின்பது கொஞ்சம், தட்டையைச் சாய்த்து மிதித்துப் போடுவது நிறைய. மரவள்ளி என்றால் கிழங்கு முற்றும் வரைகூடப் பொறுப்பதில்லை. பகலில் சீமைக்கருவேலம் புதருக்குள் படுத்துக்கொள்வதால் காட்டுக்குள் திரும்பிப் போகவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. கூடவே புள்ளிமான். அது துளிரை மட்டும் கடித்துவிட்டுப் போகும். கூட்டமாக வந்தால் அதுவே போதும்.

நாங்கள் சோலார் வேலி போட்ட அதே வருடம், எங்கள் கிழக்கு வரப்பை ஒட்டியிருக்கும் பெரியப்பா மகன் செயின்லிங்க் வலை, அதாவது பின்னிய இரும்புக் கம்பி வலை, போட்டார். ஒரே மண், ஒரே பன்றிக் கூட்டம், இரண்டு விதமான வேலி. அதனால் ஒப்பிட்டுப் பேச முடிகிறது. என் சாய்வு சோலார் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, விட்டுவிட்டு எரியும் விளக்கு, நாய் குரைக்கும் ஒலிப்பெட்டி, முடி தூவுவது எல்லாமே சில நாள் வேலை செய்யும். பன்றிக்குப் பழகியதும் அவ்வளவுதான். வாடையடிக்கும் விரட்டி மருந்துகளும் மழையில் கழுவிப் போகும், திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். கடலை பிடுங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதுவரை தாக்குப் பிடித்தால் போதும் என்றால் இவற்றில் ஏதாவது ஒன்று சரி. வருடம் முழுக்க இவற்றை நம்ப முடியாது. அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), சுருக்குக் கம்பி, ஈ.பி. லைனில் இருந்து நேரடிக் கரண்ட் ஆகியவற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. அந்தக் கம்பிக்கு யானை, பன்றி, ராத்திரி தண்ணீர் கட்ட வருகிற ஆள் என்ற வித்தியாசம் தெரியாது.

சுட அனுமதித்தால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. கேரளத்தில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவு தூரத்தை வைத்துப் பிரிக்கிறது: காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். அடிவாரத்துக்காரர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. காட்டை ஒட்டிய தோட்டத்தில்தான் தொல்லை அதிகம், அங்கேதான் சுட முடியாது. தவிர, ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போடுகிற மிருகத்தை அங்கொன்று இங்கொன்றாகச் சுட்டுக் குறைப்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக மிஞ்சுவது வேலி. செயின்லிங்க் வலையின் பெருமை எல்லோருக்கும் தெரியும். கல்லுக்கால் நட்டு வலையை இழுத்துக் கட்டிவிட்டால் ஆடு, மாடு, ஆள் என எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடுப்பு. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். திருட்டுப் பயமும் கொஞ்சம் குறையும். அண்ணன் இன்னமும் என்னைப் பார்த்துச் சொல்வார்: "இதுன்னா போட்டுட்டு மறந்துரலாம் தம்பி. உன்றது கறவை மாடு வச்சிருக்கற மாதிரியல்லோ, தெனமும் பாக்கோணும்."

பாதி உண்மை. ஆனால் வலையையும் மறந்துவிட முடியாது. பன்றி வலையைத் தாண்டாது, கடிக்காது. மூக்கை அடியில் கொடுத்துத் தூக்கும். மண் இளகியிருக்கும் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் ஒரு சாண் இடைவெளி கிடைத்துவிடும். பெரிய பன்றி நுழைந்த வழியில் மறுநாள் குட்டிகளும் வரும். இதைத் தடுக்க வலையின் அடியை ஒரு அடி ஆழம் புதைக்க வேண்டும், அல்லது சுற்றிலும் கான்கிரீட் பட்டை போட வேண்டும். அதைச் சேர்த்தால் எங்கள் நீளத்துக்குச் செலவு சோலாரைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்தது. அண்ணன் காட்டுப்பக்கம் மட்டும் பட்டை போட்டார், மற்ற மூன்று பக்கமும் மண்ணோடு விட்டார். பன்றி இப்போது சுற்றிக்கொண்டு வருகிறது. மான் விஷயம் வேறு: ஐந்தடி வலையை, நாய் துரத்தினால் புள்ளிமான் சாதாரணமாகத் தாண்டிவிடும். அமெரிக்காவில் எல்க் என்கிற பெரிய மானுக்கு எட்டடி உயரத்தில் வேலி போடுகிறார்கள். நம் விலைவாசியில் எட்டடி வலை என்பது நினைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வலை எங்கே கெட்டது என்பது பயிர் போன பிறகுதான் தெரிகிறது. புல் மறைத்த மூலையில் ஓட்டை விழுந்திருக்கும், நாம் பார்க்காமல் போவோம். காலையில் சாய்ந்து கிடக்கும் தட்டையைப் பார்த்துத்தான் வேலியைத் தேடிப் போகிறோம்.

சோலார் வேலியின் கதையே வேறு. பேனல் வெயிலில் சார்ஜ் செய்யும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு எனர்ஜைசர் பெட்டி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை கம்பிக்குள் ஒரு அடி கொடுக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். உதறித் தள்ளும், கொல்லாது. பன்றிக்கு உடம்பெல்லாம் முரட்டு மயிர், அங்கே பட்டால் பெரிதாக உறைக்காது. ஈரமான மூக்கில் பட வேண்டும். அதனால் முதல் கம்பி தரையில் இருந்து முக்கால் அடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் இரண்டு கம்பி நெருக்கமாக, மானுக்காக மேலே இன்னும் சில கம்பி. வேலி புதிதாக இருக்கும்போது தகரத் துண்டில் கடலைப் புண்ணாக்கைக் குழைத்துப் பூசி அடிக்கம்பியில் தொங்கவிட்டோம். மோப்பம் பிடிக்க வந்து மூக்கில் வாங்கிய பன்றி அந்தப் பக்கம் வரத் தயங்கும். பழக்கம் இல்லாத பன்றி ஓடுகிற வேகத்தில் உள்ளே வந்த பிறகுதான் அடியை உணரும், அப்போது முன்னால்தான் பாயும்.

இனிப் பராமரிப்பு. முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

அடிக்கம்பி முக்கால் அடியில் இருக்கிறது என்றால் அருகும் கோரையும் பார்த்தீனியமும் அதைத் தொடுவதற்கு மழைக்காலத்தில் இரண்டு வாரம் போதும். தொடுகிற ஒவ்வொரு இலையும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும். கோவைக்கொடியும் முடக்கத்தானும் ஏறிவிட்டால் பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், கம்பியில் உயிர் இருக்காது. எங்கள் கம்பியில் ஏழு கிலோவோல்ட் காட்டுகிற நாளில் பன்றி கிட்டே வருவதில்லை. நாலுக்குக் கீழே போனால் தைரியம் வந்துவிடுகிறது. கையடக்க மீட்டர் ஒன்று அவசியம் வாங்குங்கள். சாயங்காலம் பெட்டியைப் போட்டதும் கடைசி மூலையில் வைத்துப் பார்த்தால் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காதே போதும்: இருட்டிய பின் வரப்போடு நடந்தால், ஈரப் புல் கம்பியைத் தொடும் இடத்தில் சட் சட் என்று சத்தம் வரும், நீலப் பொறியும் தெரியும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் ஸ்டேஷன் பிடிக்காமல் கம்பியோரம் கொண்டுபோங்கள், கோளாறு நெருங்க நெருங்க இரைச்சல் கூடும்.

வேலி அடியில் களைக்கொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடு மேய்கிற வரப்பில் எனக்கு மனம் ஒப்பவில்லை, புல்வெட்டும் மெஷினால்தான் அடிக்கிறோம். அப்புறம் எர்த். கம்பியில் இருந்து உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடி விழும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பாதை அறுந்துவிடுகிறது. கரியும் உப்பும் போட்ட எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதை அந்த இரண்டு மாதமும் விடக் கூடாது. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர், பேனலில் தூசி துடைப்பது, வெயிலில் வெடிக்கும் மட்டமான இன்சுலேட்டரை மாற்றுவது, இடி மழைக்கு முன் பெட்டியைக் கழற்றி வைப்பது எல்லாம் சில்லறை வேலை.

இவ்வளவு வேலை இருந்தும் ஏன் சோலார் என்கிறேன்? சோலாரில் கோளாறு வந்தால் அன்று சாயங்காலமே மீட்டர் சொல்லிவிடும், ராத்திரிக்குள் சரி செய்யலாம். சரி செய்ய வேண்டியது பெரும்பாலும் கைவேலை, காசு இல்லை. வலையில் அந்த முன்னறிவிப்பே கிடையாது, பட்டை போட்டுச் சரி செய்யக் காசு வேண்டும். இன்னொன்று, குத்தகை நிலமாக இருந்தால் கம்பியைச் சுருட்டி, பெட்டியையும் பேனலையும் எடுத்துக்கொண்டு போகலாம். கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. வலையைப் பழைய இரும்புக்குப் போட்டால் ஏதோ கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தோட்டத்தில் யாரும் குடியில்லை, வாரத்துக்கு ஒருமுறை ஊரில் இருந்து வந்து பார்ப்பவர் என்றால் சோலார் போடாதீர்கள். வலை போட்டு நாலு பக்கமும் அடியைப் புதைத்துவிடுங்கள். பொறுமை இருந்தால் உயிர்வேலியாகக் கிளுவை என்கிற முள்மரத்தை நடலாம். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளை, காப்பது அதுதான், பல வருடம் நிற்கும். நெருங்கி வளர மூன்று நாலு வருடம் ஆகும், இளம் கிளுவை இடுக்கில் பன்றி நுழையும். சோலாரோடு சேர்த்து நட்டால் கிளை கம்பியைத் தொடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.

யானையைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது. எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வருகிறது. வந்தபோது ஒருமுறை கம்பியைத் தொட்டுத் திரும்பியது, இன்னொருமுறை காய்ந்த மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தது. வலை என்றால் அந்தச் சிரமம்கூட அதற்கு இல்லை. தினமும் யானை வரும் தடத்தில் இருப்பவர்கள் அங்கே ஏற்கெனவே வேலி போட்டவர்களிடம் கேளுங்கள்.

கம்பி வாங்கும் முன் வனத்துறையில் விண்ணப்பியுங்கள். 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி காப்புக்காட்டில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் சோலார் வேலி போட முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டதையும் பதிய வேண்டும். பெட்டி பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று பெற்றதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். வேலியைத் தார்ரோடு வரை ஒட்டி முடிக்காதீர்கள். தடுக்கப்பட்ட கூட்டம் கம்பியோரமாகவே நடந்து ரோட்டில் இறங்கும், இருட்டில் பைக்கில் வருகிறவர் மாட்டிக்கொள்வார். ரோட்டோரம் சில கஜம் உள்ளே தள்ளி, புதரை வெட்டிவிட்டால் பன்றிக்கும் வண்டிக்காரருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். நாங்கள் அண்ணனின் வரப்பு முனையில் அப்படித்தான் இரண்டு வேலியையும் வளைத்து இணைத்திருக்கிறோம்; அவர் வலையின் வெளிப்புறத்தில், முக்கால் அடி உயரத்தில் எங்கள் கம்பி ஒன்று இப்போது ஓடுகிறது.