பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய்: சென்னையில் ஒரு மரபணு ஆலோசனைப் பிரிவு எப்படி இருக்கிறது?

பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ள என் அக்காவுடன், சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இயங்கும் மரபணு ஆலோசனைப் பிரிவுக்குச் சென்று வந்தேன். வாங்கிய கட்டணத்துக்கு ஆலோசனை தகும். பரிசோதனைத் தொகுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

மருத்துவர் அவசரப்படவில்லை. தாத்தா தலைமுறை வரை யாருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, யார் டயாலிசிஸ் செய்துகொண்டார், மூளை ரத்தக்கசிவில் இறந்தவர் உண்டா என்று கேட்டுக் குடும்ப வரைபடம் போட்டார். 2018இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற டோல்வாப்டான் என்ற மருந்து, சிறுநீரகச் செயலிழப்பைத் தாமதப்படுத்துமே தவிர நோயைக் குணப்படுத்தாது என்றும், கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றும் சொன்னவர், “வேலைக்கு எதுல போறீங்கம்மா?” என்று கேட்டார். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் என்றார் அக்கா. நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் சிறுநீர் பிரியச் செய்யக்கூடிய மருந்தை, கழிப்பறை இல்லாத ரயிலில் போய்வருபவருக்கு எழுதுமுன் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

வருங்காலச் சிகிச்சைகளைப் பற்றியும் ஆசை காட்டாமல் பேசினார். குறைபட்ட மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது கட்டிகள் சுருங்கியது எலிகளில்தான். சர்க்கரை நோய் மருந்தான மெட்பார்மினும், மரபணுச் செயலைக் கட்டுப்படுத்தும் நுண் ஆர்.என்.ஏ. ஒன்றைத் தடுக்கும் ஊசி மருந்தும் மனிதர்களிடம் சோதிக்கப்படுபவை என்று பிரித்துச் சொன்னார்.

குறை, கட்டணம் வாங்கும் இடத்தில் தொடங்குகிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான பி.கே.டி.1 மரபணு இருக்கும் 16ஆம் குரோமோசோமிலேயே அதைப் பெரிதும் ஒத்த ஆறு போலி மரபணுக்கள் இருப்பதால், சாதாரண வாசிப்புமுறை தடுமாறக்கூடும் என்பதை அங்கே எவரும் சொல்லவில்லை. கடைசியில் வந்த அறிக்கையில் இருந்தது, நோய்க்குக் காரணமா என்று உறுதிசெய்ய முடியாத ஒரு மரபணு மாற்றம். அதைத் தெளிவுபடுத்த, நோயுள்ள அம்மாவுக்கும் மாமாவுக்கும் தனித்தனிக் கட்டணம் கேட்டனர். குடும்பத்தில் அந்த மாற்றமும் நோயும் சேர்ந்தே வருகின்றனவா என்று பார்ப்பது இத்தகைய மாற்றங்களின் பொருளை அறிய ஒரு முக்கிய வழி; ஆராய்ச்சிக்கும் அத்தகவல் தேவை. அதற்கு முழுக் கட்டணம் வசூலிப்பது சரியாகப் படவில்லை.

ஸ்கேன் அறிக்கையும் ‘பல நீர்க்கட்டிகள்’ என்பதோடு நின்றுவிட்டது. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்று கணிக்கும் 2015ஆம் ஆண்டின் மேயோ வகைப்பாட்டுக்குச் சிறுநீரகங்களின் மொத்தக் கன அளவு வேண்டும். மருந்து ஆய்வுகளுக்கு ஆள் தேர்வு செய்யும்போதும் அதைப் பார்ப்பதுண்டு. நாங்களாகக் கேட்ட பிறகே எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு இருப்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர் தயங்காமல் இங்கே ஆலோசனை பெறலாம். பரிசோதனை என்றால், போலி மரபணுக்களைப் பிரித்தறியும் முறையா, குடும்பத்தினருக்குச் சலுகை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.