வாதத்துக்கு நாலு ஸ்டார், கேஸ் கட்டுக்கு ஒண்ணு

எங்க ஊர் கோர்ட் பக்கத்துல மாடியில இருக்குற ஒரு வக்கீல் ஆபீஸ். பெயர் போடல. அப்பா வீட்டுப் பாகப்பிரிவினை கேஸ் இவர்கிட்டதான் இருந்தது. வேலையைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டை விக்க விடாம இடைக்காலத் தடை வாங்கித் தந்ததே இவர்தான். அப்புறம்தான் வாய்தாவுக்கெல்லாம் ஜூனியர் மட்டும் வர ஆரம்பிச்சார். கேட்டா, "சீனியர் ஹைகோர்ட் போயிருக்காங்க" என்பார்.

வேற வக்கீலுக்கு மாத்திக்கிறோம், கேஸ் கட்டைக் கொடுங்கன்னு போய் நின்னேன். குமாஸ்தா பீரோ பக்கமே திரும்பல. "ஃபீஸ் பாக்கி 40,000 இருக்கும்மா. செட்டில் பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க." உள்ளே இருந்தது அப்பா எழுதி வெச்ச செட்டில்மென்ட் பத்திரம், ஒரிஜினல். அந்த 40,000 எப்படி வந்ததுன்னு கணக்கும் இல்ல. வாங்கின பணத்துக்கு ஒரு தடவைகூட ரசீது தந்ததில்ல.

புது வக்கீல் சிரிச்சார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாதுன்னு 2000-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சாம், ஆர்.டி. சக்சேனா வழக்கில். மத்தியப் பிரதேசத்துல ஒரு கூட்டுறவு வங்கிக்கு வக்கீலா இருந்தவர், 97,100 ரூபாய் வரணும்னு வங்கியோட ஃபைல்களைத் தர மறுத்திருக்கார். பாக்கிக்காகச் சிலர் தங்ககிட்ட இருக்குற சரக்கைப் பிடிச்சு வைக்கலாம்னு சொல்ற ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவைக் காட்டினாராம். அதுல சொல்ற 'சரக்கு' வேற, கட்சிக்காரரோட ஃபைல் வேறன்னு கோர்ட் ஏத்துக்கல. தொழில் ஒழுங்கீனம்னே தீர்ப்பு. வக்கீல்களை ஒழுங்குபடுத்துற பார் கவுன்சில், அவர் தொழில் பண்ணக் கூடாதுன்னு போட்ட 18 மாசத் தடையை மட்டும் வெறும் கண்டனமாக் குறைச்சுட்டாங்க. எனக்கு அது கொஞ்சம் தாராளமாத்தான் படுது.

இந்த வழக்கைக் குறிப்பிட்டு, உள்ளே இருக்குற பேப்பர் ஒவ்வொண்ணையும் பட்டியல் போட்டு, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் அனுப்பினேன். சீக்கிரமே போன் வந்தது. சிவப்பு நாடாவை நானே அவிழ்த்து, பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிராது நகல் எல்லாத்தையும் அவங்க மேஜை மேலேயே சரி பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா முகத்தைப் பார்க்கணுமே! வக்காலத்து மாத்த ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கத்தான் இன்னும் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது.

இங்க போறவங்க ஒரிஜினல் பத்திரம் கொடுத்தா, வாங்கிக்கிட்டதுக்கு அன்னைக்கே எழுதி வாங்கிடுங்க. பாக்கி இருக்குன்னா அவர் தாராளமாத் தனி வழக்குப் போடட்டும். பணம் கொடுத்த தேதியெல்லாம் என் நோட்டுல இருக்கு.