பழைய கேமிங் லேப்டாப்பின் இரைச்சல்: கூலிங் பேடா, பேஸ்ட்டா, பவர் செட்டிங்கா?

ஏசி அறையில் 75 டிகிரியில் நிற்கும் பிராசசர், தஞ்சாவூர்ப் பக்கத்து மாடி அறையில் சித்திரை மாதம் 87ஐத் தொடும். காரணம் எளிது. அறை 24இலிருந்து 36க்கு ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே 12 டிகிரி ஏறும். அதைச் சமாளிக்க ஃபேன் முழு வேகத்துக்குப் போகிறது, இரைச்சல் அங்கே தொடங்குகிறது.

வழி மூன்று. கீழே கூலிங் பேட் வைக்கலாம். பிரித்துத் துடைத்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம். அல்லது சிப் இழுக்கும் மின்சாரத்தையே குறைக்கலாம். நான் மூன்றாவதன் பக்கம். சுத்தம் செய்யாமல் அதுவும் முழுப் பலன் தராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கூலிங் பேடைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யூஎஸ்பியில் ஓடும் சாதாரண பேட் சில டிகிரி குறைக்கும். அதில் பெரும்பங்கு லேப்டாப்பின் பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் வருவது. இரண்டு மரக்கட்டை வைத்தாலே அது கிடைத்துவிடும். ஓரத்தில் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்து, ப்ளோயரால் காற்றைத் திணிக்கும் வகை நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் அது போடும் சத்தம் லேப்டாப் சத்தத்தை மிஞ்சும். சூடு குறைய வேண்டும், சத்தம் எப்படி இருந்தாலும் சரி, ஹெட்போன் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் அது.

டெல்டாவில் முடிவைத் தீர்மானிப்பது தூசிதான். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் சுணை ஊருக்குள் வரை வரும். ரோட்டில் நெல் காயப்போட்டுத் தூற்றுவது, ரைஸ்மில் தவிட்டுத் தூள், புரட்டாசியில் மறுபடி குறுவை அறுவடை. இதெல்லாம் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே போய்ச் சிக்கும். ஐப்பசி மழை ஈரம் அதில் ஏறினால் போர்வைபோல இறுகிவிடும். ஃபேன் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு தூசியையும் இழுக்கிறது. பேட் வைத்தால் தூசி கூடுதலாகப் போகும். மின்சாரத்தைக் குறைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அடைப்பும் தாமதமாகும். பராமரிப்பு என்று பார்த்தால் எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே முதல் வேலை சுத்தம், அறுவடை முடிந்ததும் வருடம் ஒரு முறையாவது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுக்கவும். வெளியிலிருந்து ப்ளோயர் அடிப்பதில் பயனில்லை. தூசி உள்ளே இடம் மாறும், அவ்வளவுதான். ஃபேனின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினால் தகடுகளின் வாயில் படிந்த பஞ்சு ஒரே துண்டாக வரும், ட்வீசரால் எடுத்துவிடலாம். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். விட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

பேஸ்ட் எல்லோருக்கும் தேவைப்படாது. சுத்தம் செய்த பிறகும் லோடு ஏறிய சில நொடியில் 95ஐத் தொட்டாலோ, கோர்களுக்கு (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலோ மாற்றலாம் (இரண்டையும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கலாம்). லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி இல்லை. சூடு ஏறி இறங்க, இளகலான பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அதனால் பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் பிடிஎம்7950 ஷீட்டே நல்லது. 45 டிகிரி வாக்கில் இளகிப் படிந்துகொள்ளும், எளிதில் ஒதுங்காது. மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில் வாங்கவும், 1 மி.மீ. இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் பிராசசரில் உட்காராது. ஸ்க்ரூ பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3, 4 வரிசைப்படியே முடுக்கவும். பேஸ்ட்டுக்குப் பதில் பூசும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கம் போக வேண்டாம். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

இப்போது பவர் செட்டிங். பிராசசரின் சூடு வேகத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. டர்போவின் (சிப் அடிப்படை வேகத்தைத் தாண்டித் தானாக ஏறும் நிலை) கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜ் ஏற, வோல்டேஜின் வர்க்கத்துக்கு வாட் ஏறுகிறது. பிரவுசரைத் திறந்தால்கூட டர்போ ஒரு நொடி பாய்வதால்தான் ஃபேன் ஏறி இறங்கி எரிச்சல் மூட்டுகிறது. ஃபேன் வேகம் 5000 சுற்றிலிருந்து 4000க்கு இறங்கினாலே சத்தம் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும்.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட். அதில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் 100 என்றிருப்பதை 99 ஆக்கினால் டர்போ நிற்கும். பேட்டரி, ப்ளக்டு இன் இரண்டிலும் மாற்றவும். மினிமம் 5 போதும்.

இது எல்லா சிப்புக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இன்டெல் ஐ7-7700எச்க்யூவின் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், நாலு கோரும் ஓடும்போது டர்போ 3.4. விளையாட்டில் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஐ5-8300எச் 2.3க்கும், ஐ7-8750எச் 2.2க்கும் இறங்கிவிடும், பிராசசரை நம்பும் விளையாட்டுகள் திக்கும். இவற்றுக்கு டர்போவை விட்டுவைத்து, த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளின் டிபிஎல் பக்கத்தில் பிஎல்1ஐ (நீடித்து இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 30 வாட், பிஎல்2ஐ (சற்று நேரம் பாயும்போதுள்ள உச்சவரம்பு) 35 வாட் என்று கட்டுங்கள். ஏஎம்டி ரைசன் சிப் என்றால் அதே வேலைக்கு ரைசன்அட்ஜ் என்ற மென்பொருள்.

அண்டர்வோல்ட் (அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பது) இதைவிட நல்லது, வேகம் குறையாது. ஆனால் 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற இன்டெல் சிப் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல பயாஸ் அப்டேட்கள் அதைப் பூட்டிவிட்டன. திறந்திருந்தால் த்ராட்டில்ஸ்டாப்பில் கோர், கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக மெமரி) இரண்டுக்கும் -50 மில்லிவோல்ட்டில் தொடங்கி பத்துப் பத்தாக இறங்குங்கள். நிலையாக ஓடுகிறது என்று தெரியும்வரை அந்த மென்பொருளை விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும்படி வைக்காதீர்கள். ப்ளூ ஸ்க்ரீனிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கிராஃபிக்ஸ் பக்கம் ஒரே வேலை: என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60 ஆக்குவது. 2020 ஜனவரி டிரைவரிலிருந்து இது இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ஹீட்பைப்பில் இணைந்திருப்பதால், ஒன்று குளிர்ந்தால் மற்றதும் குளிரும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பேக்கப் நேரமும் கொஞ்சம் நீளும்.

கம்பெனியின் சொந்த மென்பொருளில் சைலன்ட், டர்போ என்று மோடு மாற்றினால், பல மாடல்களில் பவர் பிளானே மாறி 99 மறுபடி 100 ஆகிவிடும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

காற்று இரைச்சல் இல்லாமல் கரகரவென்று உரசல் கேட்டால் அது பேரிங். எந்த செட்டிங்கும் உதவாது, ஃபேனை மாற்ற வேண்டும். வாங்குமுன் பழைய ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்தும் 5 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. இடது வலது ஃபேன்களும் ஒன்றல்ல.