சபை நிலத்தில் காய்கறித் தோட்டம்: பொதுவில் போடுவதா, பாத்தி பிரித்துக் கொடுப்பதா?

ஆலயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த 15 சென்டில் முதல் வருஷம் ஆடியில் வெண்டை போட்டோம். சபையார் எல்லாரும் சேர்ந்து கொத்தி, எரு போட்டு, ஜெபம் பண்ணி விதை ஊன்றினோம். 45 நாளில் காய்ப்புக்கு வந்துவிட்டது. வெண்டை பூ விரிந்து ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய், ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைப் பார்த்தாக வேண்டும். நாங்களோ ஞாயிறு ஆராதனை முடிந்துதான் தோட்டத்துக்குள் போனோம். நுனியை ஒடித்துப் பார்த்தால் ஒடியவில்லை, நார் நாராக வளைந்தது. அன்றைக்கு ஒரு சாக்கு முற்றல் காய் மாட்டுக்குப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியம்மா ஒருவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான், தங்கள் ஆலய நிலத்திலும் இதுபோலப் போடலாமா என்று யாராவது கேட்டால், வாரநாளில் தோட்டத்துக்கு யார் வருவார்கள் என்று முதலில் கேட்கிறேன். பொதுத் தோட்டமா, தனித்தனிப் பாத்தியா என்பதற்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

பொதுத் தோட்டத்தில் எனக்கு இன்னும் ஆசை உண்டு. ஒரே வேலி, ஒரே குழாய், ஒரே கணக்கு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முதல் பென்ஷன் வாங்கும் ஐயாமார் வரை ஒன்றாக மண்ணில் நிற்பார்கள். விளைந்ததை அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்குக் கொடுக்கலாம், அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடலாம். நிலம் பற்றிய சிக்கலும் குறைவு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் சொத்து பெரும்பாலும் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பேரில் இருப்பது. சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் எழுதி, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டால் யாருக்கும் பயம் இருக்காது. கஷ்டமெல்லாம் தண்ணீரில்தான். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் தினம் 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால் சென்டுக்கு 200 லிட்டர், அதாவது பதினைந்து குடம். எங்கள் பக்கம் தேரிச் செம்மண், ஊற்றியது நிற்காது. 'எல்லாரும் ஊற்றுவார்கள்' என்று எல்லாரும் இருந்துவிட்டால் செவ்வாய்க்கிழமையே செடி வாடிவிடும்.

பாத்தி பிரித்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை தானாகவே தீர்கிறது. தன் கத்தரி வாடுவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் வருஷம் 8 குடும்பம், ஆளுக்கு ஒரு சென்ட் என்று கொடுத்தோம். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போதே ஒரு கட்டு தண்டுக்கீரையும் கைநிறைய வெண்டையும் பறித்துப் போனார்கள். காய் ஒன்றுகூட முற்றவில்லை.

ஆனால் வேறு இரண்டு கஷ்டம் வந்தது. ஒன்று, மருந்து. ஒரு பாத்தியில் மாவுப்பூச்சி விழுந்ததும் கடை மருந்தை வாங்கி அடித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கண்முன்னே செடி போகிறதே என்ற பதற்றம். காற்றில் அது பக்கத்துப் பாத்திக் கீரையிலும் படிந்தது. அப்புறம் அதை எப்படி இயற்கைக் காய் என்று சொல்வது? இப்போது தெளிப்பு மட்டும் பொதுவில். வேப்பங்கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இடித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து ஒரே ஆள் எல்லாப் பாத்திக்கும் சாயங்காலம் அடிக்கிறார். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கஷ்டம்தான் எனக்கு மனசில் உறுத்தியது. பாத்தி கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் நேரம் உள்ளவர்கள். கூலி வேலைக்கு இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறவர்கள் பேர் கொடுக்கவே இல்லை. கீரையும் காயும் அதிகம் வேண்டிய வீடுகள் அவைதான். இந்த ஒரு விஷயத்தில் பொதுத் தோட்டம்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். விளைச்சல் நன்றாகவே வரும். ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் காயை விற்றாக வேண்டும். கொஞ்ச நாளில் சபையார் அதை வாங்க வருகிறவர்கள் ஆகிவிடுவார்கள். நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரி, எங்களுக்கு ஒத்துவந்தது என்ன? ஞாயிறு வரை காத்திருக்கும் பயிரைப் பொதுவிலும், காத்திருக்காத பயிரைக் குடும்பங்களிடமும் விட்டோம். கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை எல்லாம் பாத்திகளில். மீதி 7 சென்டில் தடியங்காய் (சாம்பல் பூசணி), மஞ்சள் பூசணி, சேனை, சிறுகிழங்கு, ஓரத்தில் வாழை. தடியங்காய் மேலே சாம்பல் பூத்து முற்றிய பிறகும் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும், அசனச் சாம்பாருக்கு அதைவிட என்ன வேண்டும்? சேனை மண்ணுக்குள் எட்டு ஒன்பது மாதம் இருக்கும். ஆடியில் வைத்த சிறுகிழங்கு தையில் தோண்ட வரும். இவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் வைக்கோலும் சருகும் கனமாக மூடாக்கு போட்டு, வாரத்துக்கு மூன்று முறை வாலிபர் ஐக்கியத்தில் முறை வைத்தால் தாங்குகிறது. அந்த 7 சென்டின் விளைச்சலில் முதல் பங்கு பேர் கொடுக்காத வீடுகளுக்கு. ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார், ஆலயத்தில் பேர் வாசிப்பதில்லை.

உரத்திலும் இதே கணக்குதான். பஞ்சகவ்யம் பக்குவப்பட இருபது நாளுக்கு மேல் ஆகும், பாலும் தயிரும் நெய்யும் சேர்ப்பதால் செலவும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி போதும். ஜீவாமிர்தம் மலிவு, இரண்டே நாள். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 15 சென்டுக்கு 30 லிட்டர்: சாணம் ஒன்றரைக் கிலோ, கோமியம் ஒன்றரை லிட்டர், வெல்லமும் பயறு மாவும் தலா 300 கிராம், ஒரு பிடி மண். வெள்ளி சாயங்காலம் கரைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்து ஊற்ற சரியாக இருக்கும். எங்களுக்கு இதுதான் வசதி. பக்கத்தில் நாட்டுமாடு இல்லாத சபைக்கு மட்கு உரமும் வேப்பம் புண்ணாக்குமே போதும்.

பாத்தியை எப்போதும் ஒரே குடும்பத்திடம் விடாதீர்கள். குழாயடிப் பாத்திக்கு மனஸ்தாபம் வரத்தான் செய்யும். ஒவ்வொரு ஆடியிலும் சீட்டுப் போட்டு மாற்றுகிறோம். கத்தரி நின்ற இடத்தில் மறுவருஷம் கொத்தவரை வருவதால் மண்ணுக்கும் அது நல்லது.

வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதை எங்கள் சபை குருவானவரான ஐயர் கமிட்டியில் எடுத்துச் சொன்னார். அதன்படி வேலிக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நாலு முருங்கை வைத்திருக்கிறோம். இரண்டு காய்த்துவிட்டன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பறித்துக்கொண்டு போகிறார்கள். எட்டாதவர்களுக்காகத் துரட்டி ஒன்றை மரத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறோம்.