பாட்டு என்னுடையது, அதன் கணக்கு யாருடையது?

வருடக்கணக்காக நான் பயன்படுத்துகிற மியூசிக் பிளேயர் மென்பொருளின் விலையைக் குறைத்துவிட்டார்கள். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். விலைக்குறைப்போடு ஒரு பெரிய அப்டேட்டும் வந்திருக்கிறது, அதைப் போட்டதிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. என்னென்ன வசதிகள் உண்டு என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பாடுவதில் இதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை. எம்பி3, ஏஏசி என்ற இரண்டு ஒலி வடிவங்களிலுமே, பாட்டைச் சுருக்கி ஃபைலாக்குகிற என்கோடர் பாட்டின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். ஆப்பிளின் ஏஏசி என்கோடர் சேர்ப்பது 2112 சாம்பிள்கள் (ஒலியை அளந்து வைத்த புள்ளிகள்), சிடி தரத்தில் கிட்டத்தட்ட 48 மில்லிசெகண்ட். இவ்வளவு சின்ன இடைவெளி காதுக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள், ஒரு மேடைக் கச்சேரிப் பதிவில் கைதட்டல் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குத் தாண்டுகிற இடத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். சட்டென்று ஒரு வெட்டு விழும். எவ்வளவு மௌனத்தை நறுக்க வேண்டும் என்பதை லேம் போன்ற எம்பி3 என்கோடர்கள் ஃபைலின் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கின்றன. பல பிளேயர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதே இல்லை. இது படிக்கிறது, ஒவ்வொரு முறையும் படிக்கிறது. இதை எழுதியவர் யாரோ இசையை உட்கார்ந்து கேட்கிறவர்.

சரி, இப்போது அப்டேட். திறந்ததும் 'லைப்ரரி மேம்படுத்தப்படுகிறது' என்று ஒரு பட்டை ஓடும். நிறுத்த பட்டன் கிடையாது. ஓடி முடிந்தால் லைப்ரரி ஃபைல் புதிய வடிவத்துக்கு மாறியிருக்கும், அதைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. இந்த முறை எது எப்போது சேர்ந்தது என்ற தேதியெல்லாம் அப்டேட் போட்ட நாளாகிவிட்டது. எத்தனை முறை கேட்டேன் என்ற எண்ணிக்கை பாதிப் பாடல்களுக்குப் பூஜ்யம். பல பாடகர்கள் சேர்ந்து பாடிய ஆல்பங்கள் ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. ஐந்து நட்சத்திரம் போட்டு, ரொம்ப நாளாகக் கேட்காமல் விட்ட பாடல்களை எடுத்துத் தரும் ஒரு பிளேலிஸ்ட் வைத்திருந்தேன். தினமும் அதிலிருந்துதான் தொடங்குவேன். அது இப்போது நேற்றுக் கேட்டதையும் சேர்த்தே நீட்டுகிறது. சிடியிலிருந்து பாட்டை ஃபைலாக எடுக்க, அதாவது ரிப் செய்ய, நான் ஃப்ளாக் என்ற திறந்த வடிவத்தில் வைத்திருந்த செட்டிங்கும் கம்பெனியின் சொந்த லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத) வடிவத்துக்குத் திரும்பிவிட்டது.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பேக்கப் இருக்கிறது. அதைத் திறக்கப் பழைய பதிப்பு வேண்டும், பழைய பதிப்போ இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஏற மறுக்கிறது. அப்புறம் பதில் இல்லை.

ஒரு கம்பெனிக்கே சொந்தமான மூடிய ஆடியோ வடிவமா, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வடிவமா என்ற பழைய சண்டையில் நான் எப்போதும் திறந்த வடிவத்தின் பக்கம்தான். ஆனாலும் அந்தச் சண்டையில் பாதி இன்று தவறான இடத்தில் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஏஏசியை ஆப்பிளின் சொத்து என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது 1997-லேயே சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாக வந்த வடிவம். ஐடியூன்ஸ் கடையில் 2003 முதல் விற்ற பாட்டுகளைப் பூட்டி வைத்தது ஏஏசி அல்ல, அதன் மேல் போர்த்திய ஃபேர்ப்ளே என்ற பூட்டு. ஆப்பிளின் லாஸ்லெஸ் வடிவமான ஏஎல்ஏசி 2011-ல் திறந்த மூலமாகிவிட்டது. எம்பி3-யின் உரிமத் திட்டத்தையே 2017-ல் முடித்துக்கொண்டார்கள். ஃப்ளாக்கோ 2001-லிருந்து எல்லோருக்கும் பொது. என் பிளேயரின் சொந்த வடிவத்தில் ரிப் ஆன ஆல்பங்களைக்கூட ஃப்ளாக்குக்கு மாற்றி, இரண்டையும் பிசிஎம் என்ற சுருக்காத வெறும் ஒலித் தரவாக விரித்து, எம்டி5 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைப் போட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. லாஸ்லெஸ்ஸாக இருந்து, பூட்டும் இல்லையென்றால் ஒலியை மீட்டுவிடலாம்.

மீட்க முடியாதது அப்டேட் எடுத்துக்கொண்டு போவதுதான். 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி தன் கடையில் விற்ற பாட்டுகள் ஆப்பிளின் ஐபாடிலும் ஓடும்படி ஹார்மனி என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஐபாடின் மென்பொருள் மாறியது, அந்தப் பாட்டுகள் ஓடாமல் போயின. மற்றக் கடைகளின் பாட்டுகளை ஐபாடில் ஓடவிடாமல் செய்தது என்று பிறகு வந்த ஐடியூன்ஸ் 7.0 மீது போட்ட வழக்கு 2014 வரை இழுத்து, அது உண்மையான மேம்பாடுதான் என்று ஜூரி ஆப்பிளுக்குச் சாதகமாகச் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். செய்பவருக்கு மேம்பாடாக இருப்பது, வைத்திருப்பவருக்குக் கதவடைப்பாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு அதில் விளங்கியது. 2008-ல் தன் பாட்டுக் கடையான எம்எஸ்என் மியூசிக்கில் விற்ற பாட்டுகளின் பூட்டைத் திறக்க அனுமதி தருகிற உரிமச் சர்வர்களை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2011 கடைசி வரை தள்ளிப்போட்டது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கும் காலக்கெடு உண்டு என்று அன்று பலருக்குத் தெரிந்தது.

இப்போது பாட்டில் பூட்டு இல்லை, லைப்ரரி டேட்டாபேஸில் இருக்கிறது. என் ரேட்டிங், தேதி, கேட்ட எண்ணிக்கை எல்லாம் கம்பெனிக்கு மட்டும் புரிகிற ஒரே ஃபைலுக்குள் கிடக்கின்றன. வேறு வழி இல்லாமல் இல்லை. எம்பி3 ஃபைலுக்குள்ளேயே பாட்டின் விவரங்களை எழுதி வைக்கிற ஐடி3 டேகில் பாப்எம் என்று ஒரு ஃப்ரேம் (பகுதி) உண்டு, ரேட்டிங்குக்கு 1 முதல் 255 வரை ஓர் எண், கூடவே கேட்ட எண்ணிக்கை. ஃப்ளாக்கின் டேகில் பெயரும் மதிப்பும் நாம் விரும்பியபடி எழுதலாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஃபைலில் எழுதினால் பேக்கப் மென்பொருள் அதை மாறிய ஃபைல் என்று எடுத்து மறுபடி நகலெடுக்கும், எழுதும்போது மின்சாரம் போனால் ஃபைலே கெடும் என்கிறார்கள். பாப்எம் எண்ணை ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு விதமாக நட்சத்திரமாக்குகிறது என்பதும் உண்மை. நியாயமான வாதங்கள்தான். அப்படியானால் எல்லாவற்றையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுக்க ஒரு மெனுவாவது கொடுத்திருக்க வேண்டும். அது இன்றுவரை இல்லை.

ஆகவே வாங்காதீர்கள். இதைவிட நன்றாகப் பாடுகிற ஒன்றை என்னால் காட்ட முடியாது, நானும் இன்று இரவு இதில்தான் கேட்கப்போகிறேன். இருந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தானாக அப்டேட் ஆவதை உடனே நிறுத்துங்கள். ரிப் வடிவத்தை ஃப்ளாக் என்று மாற்றி, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். ரேட்டிங்கைத் தனியாக ஒரு டேக் எடிட்டரால் ஃபைலுக்குள் எழுதி வையுங்கள், அலுப்பான வேலைதான். டெக்ஸ்ட் ஃபைலாக எடுக்கிற அந்த ஒரு மெனு அடுத்த பதிப்பில் வந்தால், தள்ளுபடி வேண்டாம், முழு விலை கொடுத்து நானே மறுபடி வாங்குகிறேன்.