பீட்டில் என்ஜினுக்கு ஸ்டாண்ட் வாங்குகிறீர்களா? "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்கும் தட்டை வாங்காதீர்கள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டைப் 1 என்ஜினைப் பிரித்து வேலை செய்ய ஸ்டாண்ட் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய ஸ்டாண்ட். "பீட்டில் என்ஜினுக்கு, யோக்குடன், 450 கிலோ தாங்கும், போல்ட் உட்பட" என்று விளம்பரம். படத்தில் இருந்தது பிறை வடிவ யோக், அதாவது என்ஜினைப் பிடித்து ஸ்டாண்டில் மாட்டும் உலோகப் பிடி. பெட்டிக்குள் இருந்ததோ, தண்ணீரில் குளிரும் சாதாரண என்ஜின்களுக்கு மாட்டுகிற நாலு விரல் தட்டு. கேட்டதற்கு, "இரண்டும் ஒன்றுதான், மாட்டிப் பாருங்கள்" என்றார் விற்றவர். மாட்டியபோது கேஸின் (என்ஜினின் வெளிக்கூட்டின்) கீழ் ஸ்டட் (தலையில்லாத பதிந்த போல்ட்) ஒன்றில் மரை உரிந்தது, மேல் துளையை ஒட்டி விரிசல் விட்டது. அதன் பிறகு போன் செய்தால், "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற பதில்தான். பணம் வரவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. டைப் 1 என்ஜின் இடம், வலம் என்று இரண்டு பாதிகளாக வார்த்த மெக்னீசியம் கலவைக் கேஸ். வேலை என்பதே அந்த இரண்டு பாதிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான். யோக் இடப் பாதியில் மட்டும், அதாவது 3, 4-ஆம் சிலிண்டர்கள் இருக்கும் பக்கத்தில் மட்டும், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு இடங்களில் பிடிக்கும். என்ஜினைத் திருப்பி இடப் பாதியைக் கீழே கொண்டுவந்தால், ஆறு 12 மி.மீ. நட்டுகளையும் சுற்றியுள்ள 8 மி.மீ. நட்டுகளையும் கழற்றியதும் வலப் பாதி மேலே தூக்கினால் வந்துவிடும். கிராங்க், அதாவது என்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு, இடப் பாதியிலேயே கிடக்கும். (தூக்கும்போது வலப் பக்க லிஃப்டர்கள், அதாவது வால்வுகளை இயக்கும் சிறு உருளைகள், கீழே நழுவும், கிளிப் போட்டோ கையாலோ பிடித்துக்கொள்ளுங்கள்.) நாலு விரல் தட்டு இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கவ்வுகிறது. பிரிக்க வேண்டுமென்றால் என்ஜினை ஸ்டாண்டிலிருந்து இறக்கியாக வேண்டும். அப்புறம் எதற்கு ஸ்டாண்ட்?

இடம் எது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். காரின் பின்னால் நின்று புல்லியைப் பார்த்தால் உங்கள் இடதுகைப் பக்கம்தான் இடப் பாதி. ஃப்ளைவீல் முகத்தை, அதாவது கியர்பாக்ஸ் சேரும் பக்கத்தை, பார்த்து நின்றால் அதே பாதி உங்கள் வலதுகைப் பக்கம் வரும். யோக் மாட்டுவது ஃப்ளைவீல் முகத்தில் என்பதால் இங்கேதான் குழப்பம். பாதி மாறிப் பிடித்தால், பெரிய ஸ்டட்டுகள் எல்லாம் பதிந்திருக்கும் இடப் பாதியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிவரும்.

இனி போல்ட். இந்தச் சேதத்துக்கு முதல் காரணம் அதுதான். கேஸில் கியர்பாக்ஸ் பிடிக்கும் இடங்கள் எல்லாம் எம்10 (10 மி.மீ. விட்டம்), 1.5 மி.மீ. மரை இடைவெளி. மேலே ஊடுருவும் துளை, கீழே கேஸுக்குள் பதிந்த ஸ்டட். பெட்டியில் வந்தவை 3/8 அங்குலப் போல்ட்டுகளும் நட்டுகளும். தலையைப் பார்த்தாலே தெரியும்: மூன்று கோடுகள் இருந்தால் அங்குல வகை, 8.8 என்று எண் இருந்தால் மெட்ரிக். 3/8 போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ., மரை இடைவெளி ஏறக்குறைய 1.59. எம்10 துளைக்குள் அது ஆடிக்கொண்டு நிற்கும். எம்10 நட்டுக்குள்ளும் தொளதொளவென்று ஏறிவிடும், ஏறியது போலவே தோன்றும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். 3/8 நட்டை எம்10 ஸ்டட்டில் போட்டாலோ முதல் சுற்றிலேயே இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரை அழுத்தினால் ஸ்டட்டின் மரை உரியும், இல்லையென்றால் ஸ்டட்டே மெக்னீசியத்தின் மரையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். விரலால் கடைசிவரை சுற்ற முடியாத நட்டில் ஸ்பானர் வைக்காதீர்கள். எம்10-க்கு இங்கே 30 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். தடிப்பான வாஷர் கட்டாயம். மெக்னீசியத்தின் மேல் போல்ட் தலை நேராக உட்காரக் கூடாது.

450 கிலோ என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். அது தூணும் சக்கரமும் தாங்கும் எடை. என்ஜின் முழுசாகச் சுமார் 100 கிலோதான். ஆனால் அது ஒரு பக்கமாகத் தொங்குகிறது. எடை மையம் தட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், பிடிக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 300 நியூட்டன் மீட்டர் வளைவிசை. நாலு விரல் தட்டின் நீண்ட விரல்கள் என்ஜினை இன்னும் வெளியே தள்ளுகின்றன. அந்த விசை முழுவதும் கேஸின் மெல்லிய காதுகளில்தான் (போல்ட் துளை உள்ள நீட்சிகளில்தான்) விழும். விரிசல் விட்டது அங்கேதான்: வாஷர் ஓரத்திலிருந்து கிளம்பிய முடி போன்ற கோடு. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசியபோதுதான் அது ஈரக் கோடாகக் கண்ணில் பட்டது.

அதை "வெல்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் விற்றவர் சொன்னார். அதைக் கேட்டு யாரும் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடாதீர்கள். மெக்னீசியத் தூளும் சுருளும் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் வேகமாகும். பழக்கப்பட்டவர் டிக் வெல்டிங் செய்தாலும், சூட்டில் கேஸ் நெளிந்திருக்கலாம். கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று அளந்து, தேவைப்பட்டால் லைன் போரிங் (அவற்றை ஒரே நேர்கோட்டில் கடைவது) செய்தாக வேண்டும். ஸ்டட் மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்), அல்லது அடிப்பாகம் பெருத்த ஸ்டெப் ஸ்டட் போட்டு மீட்டுவிடலாம்.

சரியான யோக் கிடைத்தாலும் வாங்கும்போது இரண்டு அளவு எடுங்கள்: யோக் தண்டின் வெளிவிட்டம், ஸ்டாண்ட் குழாயின் உள்விட்டம். தனித்தனியாக வாங்கினால் இவை பொருந்தாமல் போவது சகஜம். 100 மி.மீ. நீளம் உள்ளே போகிற தண்டுக்கு 3 மி.மீ. இடைவெளி இருந்தால், 300 மி.மீ. தள்ளி என்ஜின் 9 மி.மீ. தொங்கும். லேத்தில் ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து போட்டால் தீரும். வார்ப்பு யோக்கில் தண்டு சேரும் கழுத்துப் பகுதியில் ஊசித் துளைகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெல்டு செய்த யோக்கானால் அந்த இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். மூன்று சக்கர ஸ்டாண்ட் வேண்டாம், என்ஜினைத் திருப்பும்போது பக்கவாட்டில் சாயும்.

மாட்டும் முறை. எண்ணெயை இறக்குங்கள், சுமார் 2.5 லிட்டர் வரும். கார்புரேட்டர், சைலன்சர், ஃபேன் ஹவுசிங்கைக் கழற்றி எடையைக் குறையுங்கள். கிளட்ச் பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒரே பக்கம் கழற்றினால் தட்டு வளையும். ஃப்ளைவீலின் நடு நட்டை (36 மி.மீ. சாக்கெட்) என்ஜின் தரையில் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். அதன் இறுக்கம் சுமார் 343 நியூட்டன் மீட்டர். அதை ஸ்டாண்டில் வைத்துக் கழற்ற முயன்றால் ஸ்டாண்டே கவிழும், இல்லை காது உடையும். திரும்ப இறுக்குவதும் தரையில்தான். பிறகு மரக்கட்டையில் என்ஜினை உட்காரவைத்து, அங்கேயே யோக்கைக் கேஸில் பூட்டுங்கள். யோக்கோடு சேர்த்து இரண்டு பேராகவோ ஹாய்ஸ்ட்டாலோ தூக்கித் தண்டைக் குழாயில் நுழையுங்கள். லாக் பின் முழுதாக விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது: யோக் கேஸின் எந்தப் பாதியைப் பிடிக்கும், போல்ட் எம்10-ஆ? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்ததும் மாட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். விளம்பரத்தின் படத்தையும் அன்றைக்கே சேமித்து வையுங்கள். இந்த விற்பனையாளர் புகார் போன பிறகு அதை மாற்றிவிட்டார்.